இலை எழும்பும் நேரம்

இலைக்கும் மூச்சு உண்டு, எண்ணெயைத் தடவினால் அந்த மூச்சு அடைத்துப்போகும் என்று தங்கநேசத்துக்கு முதன்முதலில் சொன்னது ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் நர்சரி வைத்திருக்கிற மல்லிகேஸ்வரி. சொன்னது இன்று காலை பத்தரை மணிக்கு. இப்போது மணி மூன்று. இந்த நாலரை மணி நேரத்தில் அந்த ஒரு பேச்சு அவளுக்குள் எத்தனை தடவை சுற்றி வந்திருக்கும் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றுக்கு நடுவில் வந்தது. ஜெபம் பண்ணக் கண்ணை மூடினால் இமைக்குள்ளே வந்து நின்றது. ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறவளைப் போல ஒரே ஒரு இலையை வெட்டி பிளாஸ்டிக் கவரில் போட்டுத்தான் அவள் நர்சரிக்குப் போனாள். மல்லிகேஸ்வரி இலையை வெளியே எடுத்து, இரண்டு விரலால் தேய்த்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது, எண்ணெய் தேச்சுத் தலை சீவி விட்டீங்களா? ரெண்டு முழம் பூவும் வச்சிருக்கலாமே" என்று சிரித்தாள். பக்கத்தில் உரமூட்டை தைத்துக்கொண்டிருந்த ஆளும் சிரித்தான். தங்கநேசமும் சிரிக்கப் பார்த்தாள். வாய் மட்டும் விரிந்தது, மற்றதெல்லாம் வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு மல்லிகேஸ்வரி சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "உக்காருங்கம்மா" என்று ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டாள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய பருத்தித் துணி, இலையின் அடியில் ஒரு கையை முட்டுக்கொடுத்து மேலே ஒரு கையால் ஒற்றி ஒற்றித் துடைக்க வேண்டும், அடிப்பக்கமும் விடக்கூடாது, பிறகு வெறும் தண்ணீரால் இன்னொரு தடவை. "பொழைக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். தண்டு பச்சையா இருந்தா புதுசு வரும். இலைக்கு மூக்கு, வாய் எல்லாம் அடிப்பக்கத்துலதாம்மா. நீங்க அங்கயும் தடவினீங்களா?" அடியில்தான் தங்கநேசம் அதிகமாகத் தடவியிருந்தாள். அங்கேதான் அது கத்தரிப்பூ நிறத்தில், சின்னப்பிள்ளையின் உள்ளங்கால் மாதிரி இருந்தது.

செடி எதிரே இருக்கிறது. மகள் வீடு, மூன்றாவது மாடி, கிழக்குப் பார்த்த ஹால், பால்கனிக் கண்ணாடிக் கதவுக்கு நாலடி தள்ளி ஒரு முக்காலி, முக்காலியின் மேல் கூழாங்கல்லும் தண்ணீரும் போட்ட தட்டு, தட்டின் மேல் வெள்ளைத் தொட்டி. கலாத்தியா என்று அதற்குப் பெயர். பெயரைச் சொல்லிக்கொடுத்தது மகள் பெனிட்டா. வெயில் நேராகப் படக்கூடாது, ஏசி காற்று படக்கூடாது, லாரித் தண்ணி ஊற்றினால் ஓரம் கருகும், கேன் தண்ணியை ஒருநாள் திறந்து வைத்து மறுநாள் ஊற்ற வேண்டும், விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, மேலே காய்ந்து உள்ளே ஈரமிருந்தால் பொறுக்க வேண்டும். இரண்டு பிள்ளை பெற்று வளர்த்தவளுக்கு இவ்வளவு சட்டமா என்று போன வருஷம் வந்திருந்தபோது தங்கநேசம் கேட்டதற்கு, "உங்க பிள்ளைங்களுக்கு நீங்க லாரித் தண்ணிதான குடுத்து வளத்தீங்க, அதான் ஓரமெல்லாம் கருகிக் கிடக்கு" என்றாள் பெனிட்டா. அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம்தான் அதைக் காட்டினாள். பகலெல்லாம் தட்டு மாதிரி விரிந்து கிடக்கிற இலைகள், வெளிச்சம் இறங்க இறங்க, ஆள் பார்க்காத நேரமாகப் பார்த்து, ஒவ்வொன்றாக எழும்பும். ஆறு, ஆறேகால் ஆகும்போது எல்லாம் நெட்டுக்குத்தலாக நின்று, உள்ளே இருக்கிற கத்தரிப்பூ நிறத்தை வெளியே காட்டிக்கொண்டு, ஜெபத்துக்குச் சேர்த்துவைத்த கைகளைப் போல இருக்கும். "பாத்தீங்களாம்மா, உங்க ஜாதி" என்றாள் மகள். புது இலை விடும்போதெல்லாம் அதன் காம்பில் ஒரு நிறத்தில் கம்பளி நூலைக் கட்டி வைப்பாள். சிவப்பு, மஞ்சள், நீலம், மறுபடி சிவப்பு. நீலத்துக்குப் பிறகு வந்த சிவப்புதான் கடைசி. அதற்குப் பிறகும் ஒரு இலை வந்தது. அதற்கு நூல் கட்டவில்லை. கட்ட வேண்டியவள் எழுந்து வரவில்லை.

என்ன நடந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். சபையில் கேட்டார்கள், சொந்த ஊர் நாசரேத்தில் பக்கத்து வீட்டில் கேட்டார்கள், ஷார்ஜாவில் இருக்கிற மகன் ஜெபின் கேட்டான், டாக்டரே கேட்டார். யாரையாவது நினைத்துக்கொண்டிருந்தாளா, ஆபீஸில் யாராவது ஏதாவது சொன்னார்களா, பயந்துபோனாளா. எதுவும் நடக்கவில்லை. ஏதாவது நடந்திருந்தால் அதன்மேல் கோபப்படலாம், அதற்கு எதிராக உபவாசம் இருக்கலாம். ஜனவரியில் ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பிப்போன பிள்ளை, பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தவள், பஸ் வந்து, போய், வந்து, போய், நாலு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். இளநீர் விற்கிறவர்தான் அவள் கையிலிருந்த போனை வாங்கி, கடைசியாகப் பேசின நம்பரை அழுத்தி, "உங்க பொண்ணுங்களா, இங்க குந்திகினு இருக்குது, பேச மாட்டேங்குது" என்று சொன்னார். அவர் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அந்த ராத்திரியே ரயிலேறி வந்தவள்தான், ஏழு வாரமாகிறது. அப்புறம் ஒரு வாரம் ஆஸ்பத்திரி. எதற்காக ஆஸ்பத்திரி என்பதை ஊரில் யாரிடமும் அவள் சொல்லவில்லை. காய்ச்சல் என்று சொன்னாள். அந்தப் பொய் முதல் பொய். வீட்டுக்கு வந்த அன்று கார்பென்டர் வந்து பெனிட்டாவின் அறைக்கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றினார், உள்ளே குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினார், கைப்பிடிப் பூட்டையும் கழற்றினதில் கதவின் நடுவே பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்தது. தனியாக விடாதீங்கம்மா, மாத்திரை வேலை செய்ய நாளாகும், அதுவரைக்கும் நீங்கதான் என்றார் டாக்டர். மாத்திரை அட்டையை வேதப்புத்தகத்தின் ஜிப் உறைக்குள் வைத்து, அந்த உறையை இடுப்போடு தூக்கிக்கொண்டே திரிகிறாள். அறைக்கு மேற்கே ஜன்னல். மூன்று மணிக்கு மேல் வெயில் அந்த ஓட்டை வழியாக நுழைந்து ஹால் தரையில் ஒரு வெளிச்சக் காசு போட்டுவைக்கும். பொழுது சாயச் சாய அந்தக் காசு தரையில் நகர்ந்து நகர்ந்து செடியை நோக்கிப் போகும். ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்க்க மாட்டேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். அதனால் அவள் பார்ப்பதெல்லாம் அந்தக் காசைத்தான். அது அணையாமல் இருக்கிறதா, இடையில் நிழல் ஏதும் ஆடுகிறதா. நிழல் ஆடினாலும் பயம், ஆடாவிட்டாலும் பயம். மற்றதைக் காதால்தான் பார்க்கிறாள். ஃபேன் சத்தம். கட்டில் கிறீச்சென்றால் புரண்டு படுத்திருக்கிறாள். தண்ணீர்ச் சத்தம் வந்தால் எண்ண ஆரம்பிப்பாள், எண்பதுக்குள் நின்றுவிட வேண்டும்.

இப்போது கட்டில் கிறீச்சிட்டது. தூங்கவில்லை. மத்தியானம் வைத்த ரசசோறு பாதி திரும்பி வந்தது, பாதி உள்ளே போயிருக்கிறது, ஸ்தோத்திரம். பகலில் நாலைந்து வார்த்தைதான் பேசுவாள். வேணாம், அப்புறம், வைங்க. ஆனால் சாயங்காலம் ஆறு மணியானால், யாரும் சொல்லாமலே, கதவுக்கு உள்ளேயிருந்து அவளாகவே கேட்பாள்: "அம்மா, இலை எழும்பிருச்சா?" ஏழு வாரத்தில் ஒருநாள்கூடக் கேட்காமல் இருந்ததில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தபோதுகூட, மருந்து மயக்கத்தில் கண்ணைத் திறக்காமல் கேட்டாள். "எழும்பிருச்சு பாப்பா" என்று தங்கநேசம் சொன்னால் ஒரு "ம்" வரும். அந்த ஒரு "ம்" போதும், அதை வைத்துக்கொண்டு மறுநாள் ஆறு மணி வரைக்கும் ஓட்டிவிடலாம். எழும்பவில்லை என்று சொல்ல வேண்டி வந்தால் என்ன ஆகும் என்று அவள் அப்போதெல்லாம் நினைத்ததில்லை. செடி எழும்பாமல் இருக்கும் என்று யார் கண்டது? சூரியன் அடையாமல் இருக்குமா, அதுபோலத்தான் என்று இருந்துவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, அவளால் ஆராதனைக்குப் போக முடியாதென்று பக்கத்துச் சபையிலிருந்து இரண்டு சகோதரிகள் வீட்டுக்கே வந்து ஜெபித்துவிட்டு, சின்ன பாட்டிலில் ஜெப எண்ணெய் கொடுத்துப் போனார்கள். நெற்றியில் பூசுங்க, விசுவாசத்தோட பூசுங்க என்றார்கள். அவள் விசுவாசத்தோடுதான் விரலில் தொட்டுக்கொண்டு உள்ளே போனாள். பெனிட்டா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "வேண்டாம்மா. எம்மேல எதையும் தடவாதீங்க. ப்ளீஸ்." கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. வெந்நீர்ப் பையை எடுத்துவிடுங்கள் என்று சொல்வது மாதிரி சொன்னாள். விரலில் எண்ணெயோடு தங்கநேசம் ஹாலுக்கு வந்து நின்றாள். ஜெபம் பண்ணின எண்ணெயைச் சேலையில் துடைப்பதா? குழாயில் கழுவுவதா? விரல் நுனியில் அது கனத்தது. எதிரே செடி நின்றது, பிள்ளை பெயர் சொல்லி வளர்த்த செடி, பிள்ளை கேட்கிற ஒரே செடி. அதன் இலைகளின் ஓரம் லேசாகக் கருகியும் இருந்தது. கர்த்தாவே, அவள் பூசிக்கொள்ள மாட்டாள், இது அவள்தான் என்று நினைத்துக்கொள்ளும் என்று சொல்லி முதல் இலையில் தடவினாள். இலை பளபளவென்று ஆனது, நோய் தெளிந்த முகம் மாதிரி. அந்தப் பளபளப்புதான் அவளை ஏமாற்றியது. ஒரு இலைக்கு ஒரு தடவை பெனிட்டா என்று சொல்லி, மேலே, கீழே, காம்பு வரைக்கும், பதினேழு இலைக்கும் பூசினாள். பாட்டில் காலியாகும்வரை பூசினாள். எண்ணெய் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் விசுவாசமும் கொஞ்சம் குறைந்ததாகிவிடும் என்று அப்போது தோன்றியது. அன்றைக்குச் சாயங்காலம் இலைகள் பாதிதான் எழும்பின. திங்கட்கிழமை கைவிரல் அளவு. செவ்வாய் இல்லை. புதன் இல்லை. ஓரம் சுருண்டு, நடுவில் மஞ்சள் விழுந்து, பளபளப்பு மட்டும் போகாமல் கிடந்தன. ஜெபம் பண்ணின எண்ணெய் மூச்சை அடைக்குமா? இதை யாரிடம் கேட்பது? அந்தச் சகோதரிகளிடம் கேட்டால் உன் விசுவாசத்தில் குறை என்பார்கள். மல்லிகேஸ்வரியிடம் கேட்டால் எண்ணெய்னா எண்ணெய்தாம்மா என்பாள். ஆண்டவரிடம் கேட்கலாம் என்று கண்ணை மூடினால், அவரும் ஒருவேளை இதே கேள்வியோடு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாரோ என்று ஒரு நினைப்பு வருகிறது. ஐயோ, இப்படியெல்லாம் நினைக்கலாமா, மன்னியும். நாலு நாளும், "இலை எழும்பிருச்சா?" என்று கேட்டபோது, "எழும்பிருச்சு பாப்பா" என்றாள். நாலு பொய். நாலு "ம்".

போன் அடித்தது. பதறி எடுத்தாள், சத்தம் உள்ளே கேட்டுவிடக்கூடாது. ஜெபின்தான். "என்னம்மா பண்ணுதீங்க?" "செடியப் பாத்துக்கிட்டு இருக்கேன் ஐயா." "அவளப் பாக்கச் சொன்னா செடியப் பாக்குதீங்களா? இதுக்கா உங்கள டிக்கெட் போட்டு அனுப்பினேன்?" விளையாட்டாகத்தான் சொன்னான், ஆனால் குரலில் களைப்பு இருந்தது. தாழ்ந்த குரலில் அவள் நடந்ததைச் சொன்னாள். எண்ணெயை, பதினேழு இலையை, நாலு நாளை. அந்தப் பக்கம் ஏதோ லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது. "அம்மா, அவ கேட்டா எழும்பிருச்சுன்னே சொல்லுங்க. இப்போதைக்கு அவளுக்கு எதுவும் தெரிய வேண்டாம். டாக்டர் என்ன சொன்னாரு, அதிர்ச்சி எதுவும் குடுக்கக் கூடாதுன்னாருல்லா? அது செத்துட்டுன்னு அவளுக்குத் தெரிஞ்சா…" அவன் முடிக்கவில்லை. முடிக்காமல் விட்ட அந்த இடத்தில்தான் தங்கநேசம் ஏழு வாரமாகக் குடியிருக்கிறாள். "புதுசா ஒண்ணு வாங்கி வச்சிருங்கம்மா. அவளுக்கா தெரியப் போகுது?" என்றான்.

வேலைக்கு வருகிற தேசம்மாவும் அதையேதான் சொன்னாள். காலையில் தங்கநேசம் நர்சரிக்குப் போய்வரும்வரை அறைவாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்தவள், திரும்பி வந்ததும் மொத்தக் கதையையும் கேட்டுவிட்டு, "இன்னாம்மா நீ, சாமி எண்ணெய எட்துகினு போயி செடிக்குப் பூசுவியா? எங்க ஊட்டு முருங்க மரத்துக்கு நாங்க பூசுறமா? இதே மாரி ஒண்ணு வாங்கி வச்சிட்டு கம்னு இரு" என்றாள். நர்சரியில் இதே மாதிரி ஒன்று இருந்ததைத் தங்கநேசம் பார்த்தாள். தொட்டியும் ஏறக்குறைய இதே உயரம். அந்த நூல்களை மட்டும் அவிழ்த்து அந்தச் செடியின் காம்புகளில் கட்டிவிட்டால் போதும். சிவப்பு எந்த இலை, மஞ்சள் எந்த இலை என்பதுகூட அவளுக்கு மனப்பாடம். ஆட்டோவில் ஏறி வருகிற வழியெல்லாம் கட்டிப் பார்த்தாள். மனசுக்குள் கை அவ்வளவு சுத்தமாக வேலை செய்தது. முதலில் சிவப்பு, இடதுபக்கம், பிறகு மஞ்சள். ஒவ்வொரு முடிச்சாகப் போட்டுக்கொண்டு வந்தவளுக்கு, இதை நான் எத்தனை நாளாகக் கற்றுவைத்திருக்கிறேன் என்று திகைப்பாக இருந்தது. காய்ச்சல் என்று சொன்னவள், எழும்பிருச்சு என்று சொன்னவள், அடுத்தது இது. சரி, வைத்தாகிவிட்டது என்று வை. ஆறு மணிக்கு அந்தப் புதுச்செடி சமத்தாக எழும்பும். "எழும்பிருச்சு பாப்பா." அது உண்மையாகக்கூட இருக்கும். ஆனால் எழும்புவது எது? கேட்கிறவள் எதைக் கேட்கிறாள்? அதற்குமேல் அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு போக அவளுடைய ஏழாம் வகுப்புப் படிப்புக்குத் தெம்பில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. உள்ளே இருக்கிற பிள்ளையின் இடத்திலும் இதே உயரத்தில், இதே நிறத்தில், சிரித்துக்கொண்டு வேலைக்குப் போகிற ஒரு பிள்ளையை யாராவது கொண்டுவந்து வைத்தால் நான் கம்மென்று இருப்பேனா?

நாலரை. வெளிச்சக் காசு முக்காலியின் காலைத் தொட்டுவிட்டது. நர்சரியிலிருந்து வந்ததுமே துடைத்துவிடலாம் என்று கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துவைத்தாள், சோப்பு ஒரு சொட்டு, பெனிட்டாவின் பழைய பருத்தித் துப்பட்டாவைக் கிழித்த துண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் தவறி விழுந்து முறிந்த இடது மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்திருக்கிறது, தம்ளரைப் பிடித்தாலே நடுங்கும். அந்தக் கையை இலையின் அடியில் முட்டுக்கொடுத்து வலது கையால் ஒற்றினாள். இலை நழுவியது. பிடிக்கப் போனாள். நடு நரம்பிலிருந்து ஓரம் வரைக்கும் சர்ரென்று கிழிந்தது. மஞ்சள் நூல் கட்டின இலை. அந்தச் சத்தம் ரொம்பச் சின்னது, ஆனால் அவள் உடனே திரும்பிக் கதவைத்தான் பார்த்தாள். அதற்குப் பிறகு துணியைத் தொடவில்லை. தண்ணீர் ஆறிப்போய்க் கிடக்கிறது. மேலே எண்ணெய் ஒரு கண் மாதிரி மிதக்கிறது. எண்ணெயைப் பார்த்ததும் கண் எரிந்தது. ஏன் எரிய வேண்டும்? இது வேறு எண்ணெய். அந்த எண்ணெய் முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தினது. ஜெபின் பிறந்து நாலாவது மாசம், பிள்ளை அழுகிறது, அவளுக்கு அது பக்கத்துத் தெருவில் யாருடைய பிள்ளையோ அழுகிற மாதிரி கேட்கிறது. மார்பு கட்டி ஜாக்கெட் நனைகிறது, எழுந்திருக்க முடியவில்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்து கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாள் என்று தெரியாது. பேய்க்காற்றுப் பிடித்திருக்கிறது என்று மாமியார் ஜெபிக்க ஆள் கூட்டி வந்தார். ஆறு பேர் சுற்றி நின்று, தலையில் கைவைத்து அழுத்தி, எண்ணெயை உச்சியில் ஊற்றினார்கள். அது வழிந்து கண்ணுக்குள் போனது, மூக்குக்குள் போனது, வாயைத் திறந்தால் உதட்டில் எண்ணெய், மூச்சு விட முடியவில்லை, அவள் திமிறினாள். பாருங்க, திமிறுது, போகுது என்று இன்னும் அழுத்தினார்கள். கர்த்தாவே, அதை எப்படி மறந்தேன்? மறக்கவில்லை, எங்கேயோ மண்ணுக்குள் விட்டுவைத்திருந்தேன், மேலே காய்ந்து உள்ளே ஈரமாக. அந்த மூச்சு முட்டல் தெரிந்த நானே விரலில் எண்ணெயோடு அவள் அறைக்குள் போனேன். எம்மேல எதையும் தடவாதீங்க என்றாளே, அன்றைக்கு என்னால் சொல்ல முடியாமல் போனதையல்லவா அவள் சொல்லியிருக்கிறாள்.

அப்புறம் எப்படித் தேறினாய் என்று யாரும் கேட்டதில்லை, எண்ணெய்க்குத்தான் அந்தப் பெயர் போனது. அவளுக்கே இப்போது யோசித்தால் ஒரு போர்வைதான் ஞாபகம் வருகிறது. நீலக்கட்டம் போட்ட கனத்த ஜமுக்காளப் போர்வை. பின்பக்கத்து மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரெஜினா டீச்சர் எட்டிப்பார்த்து, "ஏட்டி நேசம், ஒத்தைல இதப் பிழிய முடியல, அந்தத் தலைப்பப் பிடி" என்றாள். என்ன ஆச்சு, ஏன் இப்படி இருக்கிறாய், எதுவும் கேட்கவில்லை. ஈரத் தலைப்பு மதிலுக்கு மேலே வந்து தொங்கியது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தங்கநேசம் எழுந்து போய்ப் பிடித்தாள். டீச்சர் ஒரு பக்கம் முறுக்க, இவள் மறுபக்கம் முறுக்க, தண்ணீர் சோவென்று காலில் கொட்டியது. குளிர்ந்தது. கால் இருக்கிறது என்று தெரிந்தது. "இறுக்கிப் பிடிடி, சோறு திங்கலியா" என்றாள் டீச்சர். மறுநாள் எழுந்திருக்கவில்லை. அதற்கு மறுநாள் டீச்சர் மறுபடி ஒரு தலையணை உறையை மதில்மேல் போட்டாள், தலையணை உறையைப் பிழிய யாருக்காவது இரண்டு பேர் வேண்டுமா? அவ்வளவுதான். கிணறு அங்கேயேதான் இருந்தது, ரொம்ப நாளைக்கு.

ஐந்தே முக்கால். வெளிச்சக் காசு தொட்டியில் ஏறி, சிவப்பு நூலைத் தாண்டி, நூல் கட்டாத அந்தக் கடைசி இலையின்மேல் வந்து நின்றிருக்கிறது. எழும்பு, எழும்பிவிடு, ஒன்றே ஒன்றாவது எழும்பு, நான் பொய் சொல்லாமல் தப்பித்துக்கொள்வேன் என்று அவள் ஜெபிக்கிறாள். ஜெபிக்கிறபோதே இது ஜெபமில்லை, பேரம் என்று தெரிகிறது. எழும்பவில்லை. ஒரு இலைகூட. காம்புகள் தொங்கின தொங்கலாகவே கிடக்கின்றன. குனிந்து அடித்தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்க்கிறாள். பச்சைதானா, வெளிச்சம் போதவில்லை, பச்சை மாதிரியும் இருக்கிறது, அப்படி ஆசைப்படுகிறதாலும் இருக்கலாம். எதிர் ஃப்ளாட்டில் குக்கர் விசில் அடிக்கிறது. கீழே பிள்ளைகள் சைக்கிள் மணி. உள்ளே கட்டில் கிறீச்சிடுகிறது. கர்த்தாவே, இன்றைக்கு ஒருநாள் அவள் கேட்காமல் இருந்துவிடட்டும். இல்லை, இல்லை, கேட்கட்டும், கேட்காமல் போய்விட்டால் அதைவிட…

"அம்மா."

"என்ன பாப்பா."

"இலை எழும்பிருச்சா?"

வாயில் அந்தச் சொல் தயாராக இருந்தது. நாலு நாள் பழகின சொல், தானாக வழுக்கிக்கொண்டு வரும். ஜெபின் சொன்னது, டாக்டர் சொன்னது, தேசம்மா சொன்னது எல்லாம் அந்தச் சொல்லைப் பின்னாலிருந்து தள்ளின. இடுப்பில் மாத்திரை உறை அழுத்தியது. நாற்காலியை விட்டு எழுந்து அவள் கதவுக்குப் பக்கத்தில் போனாள். ஓட்டைக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி, சுவரோடு நின்றாள்.

"இல்ல பாப்பா. எழும்பல. நாலு நாளாவே சரியா எழும்பல. நான் பொய் சொன்னேன்."

சுவரில் சாய்ந்துகொண்டு மற்றதையும் சொன்னாள்.

"நாந்தான் அதுக்கு எண்ணெய் தடவிட்டேன். உன் நெத்தில பூச வச்சிருந்தத. எல்லா இலைக்கும், அடியிலயும். அதுக்கு மூச்சு முட்டிருச்சு. எனக்குத் தெரியல. தெரிஞ்சிருக்கணும், எனக்குத் தெரியாம இருந்திருக்கக் கூடாது. பொழைக்குமான்னு நர்சரிக்காரிக்கே தெரியலயாம்."

எண்பது வரைக்கும் எண்ணினாள், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள். என்ன செய்துவிட்டேன், கையிலிருந்ததை நானே கீழே போட்டுவிட்டேனா, உள்ளே போய்விடலாமா, வாக்கு கொடுத்திருக்கிறேனே, வாக்காவது மண்ணாவது. கையைக் கதவில் வைத்துவிட்டாள். தள்ளவில்லை. திரும்பிப் பார்த்தபோது செடியின்மேல் இருந்த வெளிச்சக் காசு இல்லை. பொழுது அடைந்துவிட்டதா, கதவுக்கு அந்தப் பக்கம் எழுந்து வந்து நிற்கிறாளா, அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கிண்ணத்துத் தண்ணீர் ஆறிப்போயிருந்தது, அதைக் கொஞ்சம் சுட வைக்க வேண்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளிடம் பேசுகிற குரலில் சொன்னாள்:

"ஒத்தைக் கையால தொடைக்க முடியல பாப்பா, ஒரு இலையக் கிழிச்சுட்டேன். வெந்நி வச்சு எடுத்துட்டு வாரேன், நீ வந்து அடியில மட்டும் கொஞ்சம் பிடிச்சுக்கிறியா?"